கையவிடு அண்ணனும் இடப்பக்கம் இழுத்த வேனும்

புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்குப் போகிற ரோட்டில் எத்தனை வளைவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். ஆனால் அந்த ரோட்டில் நாலு சக்கரத்தில் ஓடுகிற எதுவும் எங்கள் கையவிடு அண்ணனுக்குத் தெரியாமல் ஓர் அங்குலம்கூடச் சாய்ந்ததில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. லொறி, பஸ், டொக்டருடைய கார், தோட்டத்து டிரக்டர் எல்லாம் அவர் முன்னால் வந்து நின்று தங்கள் நோயை ஒப்புக்கொண்டிருக்கின்றன. இத்தனைக்கும் மனிதருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளில் ஏற்றிவிட்டால்கூட விழுந்துவிடுவார்.

அவருக்குத் தொழில் ரப்பர் பால் வெட்டுவது. விடியும்போதே மரங்களுக்குக் கத்தி போட்டு, பாலைச் சேர்த்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் சந்தித் தேத்தண்ணிக் கடை பெஞ்சில் வந்து உட்காருவார். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், வாங்கியவர்கள், வாங்கிவிட்டு அழுகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் அவரைத் தேடி வருவார்கள்.

அவருடைய ஆயுதம் ஒரு சில்வர் டம்ளர். விளிம்புக்கு ரெண்டு விரல் கீழே வரைக்கும் பிளேன்டீ. அதை ஏந்திக்கொண்டு முன் சீட்டில் இடப்பக்கம் ஏறி உட்காருவார். ரோட்டைப் பார்க்க மாட்டார், தேத்தண்ணியைத்தான் பார்ப்பார். மைதானத்துக்குப் பக்கத்தில் ரோடு நேராகிற இடம் வந்ததும் மெதுவாகச் சொல்வார்: “கைய விடுங்க.”

ஸ்டேரிங்கை விட வேண்டும். “நீங்க புடிச்சிருக்கிற வரைக்கும் அது நல்ல புள்ள மாதிரி நடிக்குமுங்க. கைய விட்டாத்தான் வாயத் தொறக்கும்” என்பார். அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் என்னவென்று வாக்காளர் இடாப்பில்தான் தேட வேண்டும்.

சிங்கள டிரைவர்மார் வந்தால் “அத்த அரின்ன” என்பார். தமிழைப் போலவே சிங்களத்திலும், கையை விடுவதற்கும் ஒன்றை விட்டுத் தொலைப்பதற்கும் ஒரே பேச்சுத்தான். ஒரு பஸ் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு, வீட்டுக்கார நோனாவும் சாராயப் போத்தலைக் காட்டி இதையேதான் சொல்கிறாள் என்றார். அன்றைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அந்த ரெட்டை அர்த்தம் பின்னால் என் தலையிலேயே வந்து விழும் என்று எனக்குத் தெரியாது.

ஜவுளிக்கடை முதலாளி ஒருநாள் பளபளவென்று ஒரு காரோடு வந்தார். ரத்தினபுரிப் பக்கம் வாங்கியது. கைய விட்டுப் பார்த்தார்கள். டம்ளரில் ஒரு சொட்டு அசையவில்லை. முதலாளி பெருமையாகத் திரும்பினார். அண்ணன் ஸ்டேரிங்கைக் காட்டினார்.

“காரு நேராத்தான் போகுது மொதலாளி. ஸ்டேரிங்கு மட்டும் கொஞ்சம் வெக்கப்பட்டு அந்தப் பக்கம் பாக்குது. முன்னுக்கு நல்லா அடிபட்டிருக்கு.”

“ஒரு கீறலும் இல்லண்டு செல்லித்தானே தந்தான்.”

“கீறல் இல்லதாங்க. கீறல் விழுந்த எடத்தையே வெட்டி வீசிட்டாங்க.”

பொனட்டைத் தூக்கிப் பார்த்தால் முன்பாதி முழுக்கப் புது வெல்டிங்.

இப்போது என் தலையில் விழுந்த கதைக்கு வருகிறேன். என் சித்தி மகள் யோகேஸ்வரி, எங்கள் தோட்டத்து டிவிசனில் வேன் லைசன்ஸ் எடுத்த முதல் பெண். மேல் லயத்து வீடுகளில் இருக்கிற பிள்ளைகளை டவுன் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக ஒரு பழைய வேனை வாங்கினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது. வேனோ இடப்பக்கம் இழுக்கிறது. எங்கள் ரோட்டில் இறங்கும்போது இடப்பக்கம் என்றால் பள்ளம்.

“கோயிலுக்கு ஆள் ஏத்திட்டுப் போனப்பதாண்ணே மொதல்ல தெரிஞ்சிச்சு. எறக்கத்துல பிரேக் புடிச்சா, பள்ளத்துப் பக்கமா யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு” என்றாள்.

அவள் புருசன் ராஜு லொறி டிரைவர். வேனைக் கேகாலைக்குக் கொண்டுபோய், மெசினில் ஏற்றி, சக்கர எலைன்மென்ட் சரியாக இருக்கிறது என்று எழுதிய துண்டோடு வந்தான். போக வர அவன்தான் ஓட்டினான். வேன் கோடு போட்ட மாதிரி வந்ததாம்.

“வண்டில ஒன்னுமில்ல. கை கோளாறு. பொம்பளக் கைக்கு ஸ்டேரிங்கு நிக்காது” என்றான்.

கொடுமை என்னவென்றால் லயத்தில் பாதிப் பேர் அதை நம்பினார்கள். இன்னும் ரெண்டு நாள் போனால் அவளே நம்பிவிடுவாள் போலிருந்தது. நான் சந்திக்கு ஓடி கையவிடு அண்ணனிடம் முழுக்கதையும் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அது அபூர்வம்.

“புள்ளய மொதல்ல கைய விடச் சொல்லுங்க. நாளைக்கு நான் வாறேன்.”

யோகேஸ் போனை எடுக்கவில்லை. ராஜுவுக்கு அடித்து, “கையவிடு அண்ணன் கைய விடச் சொல்லிட்டாரு” என்றேன். மிச்சத்தைச் சொல்வதற்குள் கவரேஜ் போய்விட்டது. திரும்ப எடுத்துச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் தப்பு.

மறுநாள் போய்ப் பார்த்தால் வேனின் பின் கண்ணாடியில் ஒரு அட்டை. ‘விற்பனைக்கு’ என்று தமிழிலும் சிங்களத்திலும். யோகேஸ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“அவரே கைய விடச் சொன்னப்பறம் என்னாண்ணே செய்யிறது? அவரு சொன்னா தப்பாகுமா?”

எனக்குப் பின்னாலேயே வந்த அண்ணன் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நான் ஸ்டேரிங்கத்தாம்மா விடச் சொன்னேன். வண்டிய இல்ல” என்றார். அட்டையைக் கழற்றி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “சாவிய எடு.”

ரப்பர் ஃபெக்டரி முற்றம் அகலமானது. லேசான இறக்கம், கடைசியில் மண்மேடு. யோகேஸ் ஸ்டேரிங்கில், அண்ணன் டம்ளரோடு இடப்பக்கம், நடுவில் வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு நான், பின்னால் ராஜு. உருட்டினாள், கையை விட்டாள், பிரேக் பிடித்தாள். வேன் நூல் பிடித்த மாதிரி நேராகப் போய் நின்றது. பின்னாலிருந்து ராஜு இருமினான். அந்த இருமலில் ஒரு பக்கத்துக்குப் பேச்சு இருந்தது.

அண்ணன் அசையவில்லை. “கோயிலுக்குப் போனப்ப எத்தன பேரும்மா?”

“பன்னெண்டு பேரு மாமா.”

“இப்ப நாலு பேருதானே.”

பால் நிறுத்துக் கொடுக்க வந்த பெண்கள் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அவர்களைக் கூப்பிட்டார்.

“எங்கள வச்சா எட போடப் போறீங்க?” என்றது ஒரு குரல்.

“பாக்கியம் அக்கா ஒராளு ஏறினாப் போதும், வண்டி தானா உருளும்” என்றது இன்னொன்று.

“ஏன்டி, நான் ஏறினா ஒனக்கு எடம் இருக்காதுன்னு பயமா?” என்று கேட்டபடி பாக்கியம் அக்கா முதல் ஆளாக ஏறினார். எட்டுப் பேர் ஏறியதும் வேன் பெருமூச்சு விட்டது.

“இப்ப கைய விடும்மா. விட்டுட்டு பிரேக்க அமத்து.”

யோகேஸ் ரெண்டு கையையும் தூக்கினாள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரித் தலைக்கு மேலே தூக்கினாள். பிரேக்கை மிதித்தாள். வேன் இடப்பக்கம் வெட்டி மண்மேட்டைப் பார்த்துப் போய் நின்றது. டம்ளர் தேத்தண்ணி வலப்பக்கம் பாய்ந்து முழுக்க என் சாரத்தில் இறங்கியது. சூடு தாங்காமல் நான் துள்ள, அண்ணன் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

பின் சீட்டிலிருந்து பாக்கியம் அக்கா நிதானமாகக் கேட்டார்: “தம்பி ராஜு, இப்ப ஸ்டேரிங்கப் புடிச்சிருந்தது யாரு கை?”

அண்ணன் இறங்கி, ‘விற்பனைக்கு’ அட்டையைத் தரையில் விரித்து, அதில் மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்தார். அலவாங்கு கேட்டார். இடது முன் சக்கரத்தைப் பிடித்து நிற்கிற இரும்பின் மூட்டில், அதிர்வு தாங்குகிற ரப்பர் புஷ் ஒன்று பார்வைக்குப் புதுசு மாதிரி இருந்தது. அலவாங்கால் நெம்பியதும் வாயைப் பிளந்தது. பாரம் ஏறி, பிரேக்கும் பிடித்தால் அந்த இடம் விலகிச் சக்கரம் பின்னால் தள்ளிப்போகிறது. காலி வண்டியில், மெசினில், சம ரோட்டில் அது மூச்சுக் காட்டாது.

கிழிந்த ரப்பரை மோந்து பார்த்தார். “இது செத்து ரொம்ப நாளாச்சு” என்றார். ஒவ்வொரு நாளும் ரப்பரின் முகத்தில் முழிக்கிறவர் சொல்கிறார், மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? பிறகு ராஜுவைப் பார்த்தார்.

“இந்த இரும்புக்கு என்னா பேருங்க தம்பி?”

“லோவர் ஆம்.”

“ஆம்னா?”

ராஜு குனிந்து அந்த இரும்பைப் பார்த்தான். “கை” என்றான்.

“அப்ப நீங்க சொன்னது சரிதான். கை கோளாறுதான்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஃபெக்டரிக் கூரையிலிருந்த காக்கா பறந்தது. சனிக்கிழமை ராஜுவே கேகாலைக்குக் கொண்டுபோய்ப் புது புஷ் போட்டான். திரும்பி வரும்போது யோகேஸ் ஓட்ட, அவன் பக்கத்து சீட்டில் இருந்தான்.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. பிள்ளைகள் ஏறியபோது முன் சீட்டில் கையவிடு அண்ணன் டம்ளரோடு இருந்தார். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இறங்கினார்.

அதிலிருந்து மழை நாள் என்றால் அவர் அந்த வேனில் இருப்பார். ஏன் மாமா உங்களுக்கு இந்தச் சிரமம் என்று யோகேஸ் கேட்டால், “மரம் நனைஞ்சா பால்வெட்டு இல்லம்மா. சும்மாதான் இருக்கேன், அதான் வந்தேன்” என்பார். மழையில் அந்த ரோடு வழுக்கும் என்பதை அவரும் சொல்வதில்லை, நாங்களும் சொல்வதில்லை.