டேஷ்போர்டில் குடியிருந்த சொந்தபந்தம்

நடுவட்டத்தில் டீ ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு, துணிப்பையோடு ஊட்டிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஃபேக்டரிக்கு விறகு இறக்கிவிட்டுக் காலியாக வந்த லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. நீலகிரியிலேயே தன் மொத்தக் குடும்பத்தையும் டேஷ்போர்டில் குடிவைத்திருந்த ஒரே மனிதரை அப்படித்தான் சந்தித்தேன்.

எல்லாருக்கும் அவர் ‘சொந்தக்காரர்’. லாரி என்னவோ குன்னூர் முதலாளி ஒருவருடையது. செக்போஸ்ட்டில், “வண்டி சொந்தக்காரர் யாருப்பா?” என்று கேட்டால் மொத்த டீக்கடையும் இவரைக் கைகாட்டும். ஆர்சி புத்தகத்தில் வேறு பெயரைப் பார்த்து போலீஸ்காரர் தலையைச் சொறிவார்.

பட்டப்பெயரின் காரணம் எனக்கு முதல் வளைவிலேயே புரிந்துவிட்டது.

“ஆயில் லைட்டு மாமனாரு. அவரு எந்திரிச்சாருன்னா வண்டிய நிறுத்திப்போடோணும் தம்பி. பேட்டரி லைட்டு மச்சான், எப்பவும் அடுத்தவன் தயவுலதான் பொழப்பு. பிரேக்குக்குக் காத்து கொறைஞ்சாச் செவக்கறது எங்க அப்பிச்சி, அம்மாவப் பெத்தவரு. இன்டிகேட்டரு சின்ன மாமா, எங்க திரும்புனாலும் முன்னாடியே சொல்லிப்போட்டுத்தான் திரும்புவாரு.”

“மாமியாருங்க?”

“டெம்பரேச்சரு. வேறெங்க வெக்கறது?”

ஸ்டீரிங் நடுவில், ஹாரன் பொத்தானுக்குள் இருந்த மிளகளவுப் பல்பு மட்டும் இருட்டாக இருந்தது. அது யார் என்று கேட்டேன்.

“மரகதம். எங்க ஊட்டுக்காரி. கோவிச்சுக்கிட்டு வெலிங்டன்ல அவங்கம்மா ஊட்டுக்குப் போயி மூணு மாசமாச்சு. அந்த வாரமே பல்பும் போயிருச்சு.”

“புதுசு மாத்திறலாமுங்களே?”

பிரேக்கை மிதித்தார். என் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

“கட்டினவ குத்துக்கல்லாட்ட இருக்கறப்ப புதுசு மாத்தறதா? பேச்சப் பாரு!”

ஆனால் மாற்றியே ஆக வேண்டிய நிலைமை. மறுநாள் காலை ஊட்டி ஆர்டிஓ ஆபீஸில் வண்டிக்கு எஃப்சி, தகுதிச் சோதனை. ஒரு விளக்கு எரியாவிட்டாலும் சாவியை வேறு டிரைவரிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்த லாரி போனால் இவருக்குக் குடும்பமே போன மாதிரி. மரகதத்தைத் தவிர மச்சானும் சின்ன மாமாவும் வேறு அணைந்து கிடந்தார்கள். ஊட்டி காந்தலில் எந்த எலெக்ட்ரீஷியனும் இவர் வண்டியைத் தொடமாட்டான். அப்பிச்சியின் கழுத்தைத் திருகினான் என்று ஒருவனை ஸ்பேனரோடு துரத்தியிருக்கிறார்.

எனக்கு அந்த வேலை தெரியும் என்றேன். வேலை இல்லாதவனுக்கு எல்லா வேலையும் தெரியும்.

ஊட்டி போனதும் கடையில் பல்பு வாங்கி வந்து மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் மச்சான் தீபாவளி மத்தாப்பு மாதிரி ஜொலித்து, அதோடு உயிரை விட்டார். கார் பல்புக்குப் பன்னிரண்டு வோல்ட், லாரிக்கு இருபத்துநாலு. பல்பு வாங்கப் போய் உண்மையாகவே பல்பு வாங்கியவன் நான்தான். இரண்டாம் முறை சரியான பல்போடு வந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூக்களை எடுத்து மீட்டரை முன்னால் இழுத்து, பின்பக்கம் ஹோல்டரைக் கால் சுற்றுத் திருப்பி இருவரையும் மாற்றினேன். அவர் பக்கத்தில் நின்று, “மெதுவா... பெரியவங்கெல்லாம் இருக்கற எடம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மிச்சம் மரகதம்.

“அவள ஒரு வார்த்த கேட்டுப்போடோணும்” என்று வண்டியை வெலிங்டனுக்கு விட்டார்.

மாமியார் வீட்டுத் தெருவை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. மாமியாரும் மரகதமும் வாசலுக்கு வந்தார்கள். இவர் உள்ளங்கையில் புதுப் பல்பை ஏந்தியபடி இறங்கி, தெருவே கேட்கும்படிச் சொன்னார்: “மரகதம், உன்னைய மாத்தச் சொல்றாங்க. மாத்தட்டுமா?”

பக்கத்து ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. “பல்பைங்க அக்கா! பல்பை!” என்று நான் கத்தினேன்.

“மூணு மாசங்கழிச்சு பல்பு விசயமா வந்திருக்காரு” என்றாள் மரகதம். “ஏனுங்க, என்கிட்டப் பேசினதவிட அந்தப் பல்புகிட்டப் பேசினதுதானுங்களே ஜாஸ்தி? அதனாலதான நான் கெளம்பி வந்தேன்?”

மாமியார் முன்னால் வந்தார்.

“மாப்ள, என்னைய எங்க வெச்சிருக்கீங்க?”

“டெம்பரேச்சர்லீங்க அத்தை.”

“அது எப்ப எரியும்?”

“சூடானா எரியுமுங்க.”

மாமியார் முகம் சிவந்தது. “இதுவரைக்கும் எத்தன தடவ எரிஞ்சேன்?”

“ஒருக்கா கூட இல்லீங்க அத்தை. இந்த மலையில எத்தன ஏத்தம் ஏறியிருக்கு! சத்தியமா ஒருக்கா கூட இல்லீங்க.”

மாமியார் மகள் பக்கம் திரும்பி, “காப்பி வெய்யி. அப்படியே துணிமணிய எடுத்து வெய்யி” என்றார்.

காப்பி முடிந்ததும் மரகதம் தானே கேபினில் ஏறினாள். பொத்தான் மூடியைக் கத்தி முனையால் நெம்பி, பல்பை மாட்டி, சாவியைத் திருப்பினாள். பச்சையாக எரிந்தது.

“இது பல்பு. வெறும் பல்பு. பேரு கீரு வெச்சீங்க, திரும்ப வந்துருவேன்.”

“சரீங்க” என்றார் சொந்தக்காரர்.

மறுநாள் காலை அதே லாரியில் நான் கிளீனராகச் சேர்ந்தேன். கிளீனர் சீட்டில் மரகதம் உட்கார்ந்திருந்ததால் எனக்குப் பின்னால் விறகுத் தூசியில் நின்று வரும் வேலை. எஃப்சிக்கு ஊட்டி ஏற்றம் ஏறும்போது கேபினின் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். வளைவுக்கு வளைவு இடப்பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார் மனிதர். கண்ணாடியைத் தட்டி, ரோட்டைப் பாருங்க என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு மனம் வரவில்லை.