சத்தம் போடாத வாஷிங் மெஷின்

"முந்தாநாள் நீங்க சரி பண்ணிட்டுப் போன வாஷிங் மெஷினை மறுபடி கெடுத்துத் தரணும். உடனே வாங்க."

மறுமுனையில் மெக்கானிக், "சார், வீட்ல பெரியவங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க," என்றார்.

போன் செய்த பீட்டுவைத் தவிர வீட்டில் இருந்தது அவன் மனைவிதான். மெக்கானிக்கை வரவழைத்து மெஷினைச் சரி பண்ண வைத்த புண்ணியவதியும் அவளேதான்.

கம்ப்யூட்டரில் பீட் போட்டுப் பாட்டு செய்கிறவன் என்பதால் அந்தக் குடியிருப்பே அவனை 'பீட்டு' என்றுதான் கூப்பிட்டது. லட்சக்கணக்கானவர்கள் அவன் இசையைக் கேட்டிருக்கிறார்கள். ஒரு வங்கிக்குப் போன் செய்தால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்பதற்குப் பின்னால் டிங்டிங்கென்று ஓடுவது அவனுடையதுதான். கேட்டவர்களில் ஒருவர்கூட நல்ல மனநிலையில் இருந்ததில்லை.

இப்போதுதான் முதல்முறையாக ஒரு இசைக் கம்பெனி, அவன் பெயரைப் போட்டே ஒரு பாட்டை வெளியிட முன்வந்திருந்தது. அதுவும் மெட்டுக்காக இல்லை. போன வாரம் அனுப்பிய மாதிரிப் பதிவில் நடுவே கேட்ட ஒரு சத்தத்துக்காக.

டொக்... டொக்டொக்... டொக்.

"அந்த அடியில ஒரு கோபம் இருக்கு," என்று கம்பெனி மேடம் போனில் உருகினார். "யாரோ மனசார வெறுத்து அடிக்கிற மாதிரி. என்ன கருவி அது?"

"நானே செஞ்சது மேடம்," என்றான் பீட்டு, வாய் கூசாமல்.

"அப்போ பாட்டு முழுக்க அது வேணும். தனியாப் பதிவு பண்ணுங்க. கருவியைப் பார்க்க நானே நேர்ல வரேன்."

அங்கேதான் மாட்டிக்கொண்டான். ஹெட்போன் போட்டால் முடி கலைந்துவிடும் என்று பாடகி அடம்பிடித்ததால், ஸ்பீக்கர்களை அலறவிட்டுத்தான் அவளைப் பாட வைத்திருந்தான். பாடகியும் ஸ்பீக்கரும் அந்தச் சத்தமும் ஒரே பதிவில் குழைந்து கிடந்தன. சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்க அவனால் முடியவில்லை.

அவன் பதிவு செய்கிற அறை பாதி ஸ்டூடியோ, பாதி துணி துவைக்கும் இடம். பதிவு நடந்தபோது, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

ரெண்டு நாளாக ஸ்பீக்கரைத் தொடாமல், மைக்கை மெஷினருகே வைத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தான். மெஷின் பூனை மாதிரி ஓடியது.

"யாரு உன்னை மெஷினைச் சரி பண்ணச் சொன்னது?" என்று மனைவியிடம் பாய்ந்தான்.

"தண்ணியே வடியல. நீங்க போட்டிருக்கிற சட்டையை நீங்களே மோந்து பாருங்க, அப்புறம் பேசுங்க."

மெக்கானிக்கை அழைத்துவரக் கீழே போனபோது, லிஃப்டில் பக்கத்து வீட்டுப் பெரியவர் அவனைப் பார்த்துச் சிரித்தார். இத்தனை நாளும் அவனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். எதற்கு என்று யோசிக்க பீட்டுவுக்கு நேரமில்லை.

"கம்ப்ளெயின்ட் என்னன்னு எழுதட்டும் சார்?" என்று மெக்கானிக் நோட்டைத் திறந்தார்.

"நல்லா ஓடுதுன்னு எழுதுங்க."

மெக்கானிக் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். முதலில் உள்ளே ஒரு ஜோடி ஷூவைப் போட்டு ஓட்டினார்கள். தொப், தொப்.

"இதுல கோபம் இல்ல," என்றான் பீட்டு. "தூக்கக் கலக்கம்தான் இருக்கு."

அடுத்து மெஷினின் கால்களை மெக்கானிக் தளர்த்திவிட்டார். அது குலுங்கிக் குலுங்கி அறையைக் கடந்துபோய், வயரோடு கீபோர்டையும் இழுத்துக்கொண்டு வாசலில் குறுக்கே நின்றது.

"உள்ளே ஒரு ஸ்குரூ இருக்கு. அதைக் கழட்டினா கண்டிப்பா சத்தம் வரும்."

வந்தது. கூடவே குழாயும் பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் ஸ்டூடியோவை நனைத்து, சுவரடி இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் விருந்தாளியாகப் போனது.

"ஏங்க, வயரைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டே மனைவி மெயின் சுவிட்சை அணைத்தாள். வாளியோடு அவள் திரும்பியபோது வாசலில் கம்பெனி மேடம் நின்றார். மெஷினுக்கு அந்தப் பக்கம்.

"இதுதான் உங்க கருவியா?"

"ஆமா மேடம். கொஞ்சம் சுருதி விலகியிருக்கு."

மேடம், தண்ணீரில் வழுக்கி விழுந்து கைகளை விரித்துக் குப்புறக் கிடந்த மெக்கானிக்கைப் பார்த்தார். "இவர்?"

"பக்கவாத்தியம்," என்றாள் மனைவி, தரையைத் துடைத்தபடி.

மேடம் சிரிக்கவில்லை. "பொய் சொல்லி என் நேரத்தை வீணாக்கிட்டீங்க. நாங்க வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

வங்கிக்குப் போன் செய்து காத்திருக்கிறவர்களுக்குச் சாகும்வரை டிங்டிங் போட்டே காலம் போய்விடும் என்று நினைத்தபோது பீட்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்த மனைவி துடைக்கும் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"மேடம், இன்னும் ஒரு நாள் குடுங்க. இவர் தூங்கும்போதுகூட விரலால தாளம் போடற மனுஷன். அந்தச் சத்தத்தை எப்படியாவது பிடிச்சுடுவார்."

அதற்குள் மேடத்துக்குப் பின்னால், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து நின்றார். இன்னொரு கையில் ஊன்றுகோல்.

"மன்னிச்சுக்கங்க ஐயா, தண்ணி உங்க வீட்டுக்கும்..." என்று பீட்டு கைகூப்பினான்.

"தண்ணி கெடக்குது, விடுங்க தம்பி, துடைச்சுக்கலாம்," என்றார் பெரியவர். "ரெண்டு நாளா உங்க பாட்டுச் சத்தம் இல்லாம நிம்மதியாத் தூங்கறேன். அந்த ஸ்பீக்கரை மட்டும் மறுபடி போட்டுடாதீங்க. இந்தக் கம்பால நம்ம சுவத்துல டொக்... டொக்டொக்... டொக்குனு அடிச்சு அடிச்சு எனக்குத் தோள்பட்டையே கழண்டுபோச்சு!"