பேய் வருவதற்குள் பந்தி

என் தொழில் என்னவென்று கேட்டுவிட்டுப் பெண் கொடுக்க எந்தத் தகப்பனுக்கும் மனசு வராது. நான் சினிமா ட்ரைலருக்கு இசை போடுகிறவன். "படத்துக்கா?" என்பார்கள். "இல்லைங்க, ட்ரைலருக்கு மட்டும்" என்பேன். முழுச் சாப்பாடு கேட்டவர் இலையில் ஊறுகாயை மட்டும் வைத்ததுபோல அவர்கள் முகம் மாறும்.

நான் காதலித்த கவிதாவின் அப்பாவுக்கும் அப்படித்தான் மாறியது. திருமயம் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஆணி, தாழ்ப்பாள் என்று கையில் தொட்டுப் பார்க்கிற பொருள்களோடு வாழ்ந்த மனிதர்.

"படத்துக்குன்னு ஒருத்தரு மியூசிக் போடுறாருல்ல? பெறகு இதுக்குத் தனியா ஒரு ஆளு எதுக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். கவிதா அழுதும் பட்டினி கிடந்தும் அவரை ஓரளவு இறங்கிவர வைத்தாள். "நேர்ல வந்து ஒருதடவ பாக்குறேன். பாத்துட்டுச் சொல்றேன்" என்று முடித்தார்.

அவர் வந்து பார்த்தது கந்தர்வக்கோட்டைக் கல்யாண மண்டபம் ஒன்றில். முந்திரி வியாபாரி ஒருவர் தன் சொந்தத் தோப்பிலேயே எடுத்த பேய்ப் படத்தின் ட்ரைலர் வெளியீடு. (தோப்புக்கு வாடகை மிச்சம். பேயும் அவர் மச்சான்தான், சம்பளமும் மிச்சம்.)

அந்த ட்ரைலரில் நான் உயிரைக் கொடுத்திருந்த இடம், இசையே இல்லாத இடம். மேளம் ஏறிக்கொண்டே போகும். திடீரென்று திரை இருண்டு, எல்லாம் நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது டமால் என்று பேய் அலறிப் படத்தின் பெயர் வரும். இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், மைக்செட் முருகேசன் அண்ணனைத் தவிர. (மேதை அல்லவா, சின்ன விஷயமெல்லாம் மறந்துவிடும்.)

முருகேசன் அண்ணனிடம் தயாரிப்பாளர் ஒன்றே ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "ட்ரைலர் முடிஞ்சதும் சாப்பாட்டுக்குச் சொல்லிருங்கண்ணே."

திரை இருண்டது. சத்தம் நின்றது. ஊரில் இத்தனை காதுகுத்து, கல்யாணம் பார்த்தவருக்குச் சத்தம் நின்றால் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? மைக்கை எடுத்தார்.

"எலை போட்டாச்சு! அம்புட்டுப் பேரும் வாங்க! சாப்புடாம யாரும் போகக்கூடாது!"

மண்டபமே எழுந்தது. நாற்காலி இழுபடும் சத்தத்துக்கு நடுவில் டமால் என்றது, பேய் அலறியது, படத்தின் பெயர் வந்தது. எல்லாம் முதுகுகளைப் பார்த்துத்தான். திரும்பிப் பார்த்த ஒரு பையனையும் அவன் அம்மா, "பேய் எங்கயும் போயிராது, மொதப் பந்தி போயிரும்டா" என்று இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. படம் எப்படியோ போகட்டும், கவிதா கை நழுவிப் போய்விட்டாளே என்ற அழுகை.

காலியான வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். முட்டிவலியால் உடனே எழ முடியாத அவள் அப்பா.

"நடுவுல நின்னுச்சே தம்பி, மெசினு கோளாறா?"

"இல்லைங்க. நாந்தான் நிறுத்துனேன்."

"வேணும்னேவா?"

"ஆமாங்க. சும்மா விட்டாத்தான், அடுத்து என்னமோன்னு பாக்குறவங்களுக்குப் பக்குன்னு இருக்கும்."

அவர் யோசித்தார். "கடையில நானும் வெலையச் சொல்லிட்டு வாயத் தொறக்க மாட்டேன். கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, வாங்க வந்தவன் அவனாப் பையில கைய விடுவான். அந்த மாதிரியா?"

"அதேதாங்க!" கத்தியே விட்டேன்.

"அப்ப இது தொழில்தான்" என்றவர் கையை நீட்டினார். "தூக்கி விடுங்க மாப்ள, ரெண்டாம் பந்தியாவது கெடைக்கட்டும்."

மாப்ள! அன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிட்டதைப் பார்த்துப் பரிமாறியவரே பயந்துபோனார். தயிர் வாளியோடு வந்த தயாரிப்பாளர், "படத்துப் பேரு வந்துச்சாப்பா?" என்று கேட்டார். வந்தது என்றேன். "அப்பச் சரி, சாப்புடு" என்று ஊற்றிவிட்டுப் போனார். அவ்வளவுதான் விசாரணை.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் மருமகன் என்ன செய்கிறார் என்று கேட்டால், மாமா பெருமையாகச் சொல்கிறார்: "நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போது டக்குன்னு நிறுத்திப்புடுவாரு. அதுக்குச் சென்னையில காசு குடுக்குறாக."

அதனால் அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் என்னைக் கரண்டு ஆபீஸ்காரன் என்றே நம்புகிறார்கள். மாமனார் வீட்டுக்குப் போனால், யாராவது ஒருவர் மீட்டர் கோளாறோடு வாசலில் நிற்கிறார்.