நாலாவது குட்டிக் கப்பல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, கொழுந்தனார் பிள்ளைகள் மூன்று, ஆக ஏழு பேரை வளர்த்தேன். ஒன்றுகூடப் பசியோடு படுத்ததில்லை, இருட்டிய பிறகு சாப்பிட்டதும் இல்லை. (நாங்கள் நயினார் வீட்டுக்காரர்கள், சமணர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும்.) இப்படிப்பட்டவள் ஒரே மத்தியானத்தில் முப்பது பேரைச் சாகக் கொடுத்தேன். அதுவும் வானத்தில். மூன்றாவது வரைதான் படித்தவள், எழுத்து மெதுவாகத்தான் வரும். எனக்கும் அவசரமில்லை.

எண்பத்தாறாம் வருஷம், கோடை. என் பெரிய மகன் ஜினதாஸ் மெட்ராஸில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுச் செஞ்சிக்கு வந்தான். கூடவே ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தான். அவன் கதை சொல்வான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளாக இருந்து பதில் சொல்ல வேண்டும். நல்லது கெட்டதைத் தாயக்கட்டை தீர்மானிக்கும். கதை நடப்பது ஒரு கப்பலில். நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற கப்பல். அப்படி ஒன்றும் பெரிசில்லை, முப்பது பேர்தான் வேலைக்கு. வயிற்றில் மூன்று குட்டிக் கப்பல்களைச் சுமந்துகொண்டு போகும். கிராஃப் தாளில் அறை அறையாக வரைந்து, முப்பது பேருக்கும் பேர் எழுதி வைத்திருந்தான். ஹாஸ்டலில் இரண்டு வருஷம் வளர்த்த கப்பல். அன்றைக்கு அது பத்திரமாக ஊர் போய்ச் சேர வேண்டும். அடுத்த வாரம் ஆளுக்கொரு ஊரில் வேலை, மறுபடி கூட முடியாது.

குட்டிக் கப்பல்களை ஓட்ட என் மகள் பத்மா, உள்ளூர்ப் பையன் பஷீர், ஜினதாஸோடு வந்த மெட்ராஸ் குமார். பெரிய கப்பலின் கதவைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு மஞ்சள் காமாலை, வரவில்லை.

"நீ உக்காரும்மா. கதவத் தொறந்து மூடறதுதான் வேல," என்றான் ஜினதாஸ்.

"ஏழு பேருக்குக் கதவு தொறந்தவடா நான். இதெல்லாம் ஒரு வேலயா?" என்று வேர்க்கடலை முறத்தோடு உட்கார்ந்தேன். (திமிர்தான், வேறென்ன.) முறத்திலிருந்து மூன்று கடலைக்காயை எடுத்துக் குட்டிக் கப்பல் என்று தாளில் வைத்தான்.

கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிப் பாறை வெயிலில் அசையாமல் இருந்தது, ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. ஜினதாஸ் குரலைத் தாழ்த்தினான். காற்றே இல்லாத இருட்டில் ஒரு பழைய கப்பல் மிதக்கிறது. மூன்று பேரும் போய் உள்ளே பார்க்கிறார்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் செருப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஆட்கள் இல்லை.

என் கை கடலை உரிப்பதை எப்போது நிறுத்தியதோ தெரியாது.

மூன்றும் திரும்பி வந்தன. கதவு திறக்குமுன், அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லியிருந்த சட்டம். நான் கேட்டது ஒன்றுதான்.

"சாப்ட்டியா?"

"இல்லம்மா," என்றாள் பத்மா. திறந்தேன். "பசி உயிர் போவுதும்மா," என்றான் பஷீர். திறந்தேன். குமாருக்கும் திறந்தேன்.

"போனது மூணு. மூணும் உள்ள வந்துடுச்சி," என்று ஜினதாஸ் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். பிறகு கதவுக்கு வெளியே நாலாவதாக ஒரு கடலைக்காயை வைத்தான். அவனுடையதே இல்லாத ஒரு குரல் வந்தது.

"நானும் வந்துட்டேன். தொறங்க."

"வாணாம்மா," என்றான் பஷீர்.

"யாருப்பா நீ?" என்றேன். "சாப்ட்டியா?"

"இல்ல. ரொம்ப நாளாச்சி."

ஜன்னலைப் பார்த்தேன். வெயில் பாறை உச்சிக்கு ஏறிவிட்டது. பொழுது சாய்ந்துவிட்டால் எப்படிச் சோறு போடுவது?

"தொறந்துட்டேன். சீக்கிரம் உள்ள வா," என்றேன்.

"இன்னாம்மா பண்ணிட்டீங்க!" குமார் எழுந்தே நின்றுவிட்டான்.

ஜினதாஸ் தாயக்கட்டையை உருட்டினான். கீழறையில் விளக்கு அணைந்தது என்றான். பிறகு அடுத்த அறையில். அங்கே இருந்தவர்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பென்சிலால் கோடு போட்டான். அலறல் இல்லை, ரத்தம் இல்லை. கூப்பிட்டால் பதில் வரவில்லை, அவ்வளவுதான். முப்பதாவது பேருக்குக் கோடு விழுந்தபோது பத்மா அழுதுவிட்டாள். ஜினதாஸ் தாளை மடித்தான்.

"கேட்டுட்டுத் தொறன்னு சொன்னேன்லம்மா?"

"கேட்டேனேடா."

"இன்னா கேட்ட?"

"சாப்ட்டியான்னு."

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

வெட்கத்தை மறைக்க அவசரமாகத் தட்டுப் போட்டேன். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். வரிசையாகச் சோறு வைத்துக்கொண்டே போனேன்.

"அம்மா," என்றாள் பத்மா. "அஞ்சாவது தட்டு யாருக்கு?"

எனக்கே தெரியவில்லை. (சத்தியமாக.) குமார் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் என்னைப் பந்திப் பக்கம் விடுவதில்லை. "அம்மா பரிமாறினா ஆளு சேந்துடும்" என்பார்கள். பேரன் பேத்தி எடுத்த பஷீர் இன்னமும் வாசலில் நின்று, "ஒரிஜினல் பஷீருதாம்மா, தொறக்கலாம்" என்று கத்துவான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஒரு தடவை மட்டும் ஜினதாஸைத் தனியாகக் கேட்டேன். "நான் தொறக்காம இருந்திருந்தா அது இன்னாடா பண்ணியிருக்கும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்காதும்மா. வெளியவே நின்னுனு இருந்திருக்கும்."

முப்பது பேர் போனது தப்புதான். ஆனால் மறுபடி கேட்டாலும் திறப்பேன்.

மேகலா, என் பேத்திக் கண்ணு, இங்கே வா. இதை முதலிலிருந்து சத்தமாகப் படி, ஆயா கேட்கிறேன். "ரொம்ப நாளாச்சி" என்று வருகிற இடத்தில் மட்டும் குரலை மாற்றாமல் படி.