பியூஸ் போகாத வீடும் வேணாம் எலக்ட்ரீஷியனும்

திருத்தணியில் வேலை செய்து பேர் வாங்கிய எலக்ட்ரீஷியன்கள் எத்தனையோ பேர் உண்டு. வேலை வேண்டாம் என்று சொல்லியே பேர் வாங்கியவர் ஒருவர்தான். அவர் பேரே 'வேணாம்'. அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கும். அதை அவருடைய ரேஷன் கார்டைத்தான் கேட்க வேண்டும்.

"ஹால்ல இன்னொரு பிளக் பாயிண்ட் வேணும்" என்றால், "வேணாம்" என்பார். "கீசர் வாங்கியிருக்கோம்" என்றால், "வேணாம்." ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன். பழக்க தோஷம், அதற்கும் "வேணாம்" என்றார்.

சொல்லிவிட்டுச் சும்மா போகமாட்டார். நேராக மெயின் போர்டுக்குப் போவார். எங்கள் தெருவில் மெயின் போர்டு யார் கண்ணிலும் படாது. பார்க்க லட்சணமாக இல்லை என்று அதன்மேல் காலண்டர் மாட்டிவிடுவோம். பாதி வீடுகளில் முருகன் காலண்டர், மீதி வீடுகளில் பைபிள் வசன காலண்டர். வேணாம் அதைத் தூக்கி முதலில் போர்டை மோந்து பார்ப்பார். பிறகு ஜுரம் பார்க்கிற மாதிரி புறங்கையைப் போர்டின்மேல் வைப்பார். ஏன் புறங்கை என்று கேட்டேன்.

"ஷாக் அடிச்சா கை மூடிக்கும் நைனா. உள்ளங்கைன்னா புடிச்சிக்கும், புறங்கைன்னா தப்பிச்சிக்கும்."

ரப்பர் செருப்பையும் கழற்றமாட்டார். "சாமி படத்தைச் செருப்புக் காலோட தொடறீங்களே" என்று என் மனைவி சண்டைக்கே போனாள். "சாமி மன்னிச்சிடும்மா, கரண்ட்டு மன்னிக்காது" என்றார்.

எதிர்வீட்டு டீச்சரம்மா கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்டக் கூப்பிட்டார். "வேணாம்" என்று ஆரம்பித்தார் இவர்.

"மோட்டார் போட்டா லைட்டு மங்குதாம்மா?"

"ஆங், கொஞ்சம் மங்கும்."

"கொழாயைத் தொட்டா சுள்ளுங்குதா?"

"எப்பனாச்சும்."

"போர்டுகிட்ட கருகல் வாடை?"

"வந்தா ரூம் ஸ்ப்ரே அடிச்சிடுவேன்."

வேணாம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்டை மாற்றின பிறகுதான் அந்த வீட்டில் ஸ்டார் எரிந்தது. அதற்குள் பொங்கலே வந்துவிட்டது.

அப்போது நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் முறை கத்திரி வெயிலில் வந்தது. என் பெண் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாசம். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் தவித்தாள். மாப்பிள்ளை சென்னையிலிருந்து ஒரு ஏசி வாங்கி அனுப்பினார். வேணாமைக் கூப்பிட்டேன். என்ன சொல்லியிருப்பார் என்று எழுத வேண்டியதில்லை.

"உன் கல்யாணத்துக்கு முன்ன போட்ட போர்டு நைனா இது. அப்ப நாலு லைட்டு, ரெண்டு ஃபேனு. இப்ப ஃப்ரிட்ஜு, கிரைண்டரு, வாஷிங் மெஷினு, மோட்டாரு, எல்லாத்தையும் இது ஒண்ணே சொமந்துகினு கீது. போர்டை மாத்து, அப்பால ஏசி போடலாம்."

"எங்க வீட்ல பன்னெண்டு வருஷமா பியூஸ் போனதே இல்ல, தெரியுமா?" என்றேன் பெருமையாக.

அவர் முகம் மாறிவிட்டது. மெயினை அணைத்து, பீங்கான் பியூஸ் ஒன்றை உருவினார். முடி மாதிரி மெல்லிசாக ஒரு கம்பி இருக்க வேண்டிய இடத்தில், தடியாக முறுக்கிய செம்பு ஒயர் இருந்தது.

"யாரு கட்டனது?"

நான்தான். ஓர் ஆடிக்கிருத்திகைக்கு வீடு முழுக்கக் காவடி விருந்தாளிகள். நிமிஷத்துக்கொரு தரம் பியூஸ் போனது. இனி ஜென்மத்துக்கும் போகக்கூடாது என்று கட்டினேன். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி நாலு வீட்டில் கூப்பிட்டார்கள். அங்கேயும் போய்க் கட்டிவிட்டு வந்தேன்.

"பியூஸுன்னா அது சாவணும் நைனா. ஒயரு எரியறதுக்கு முன்ன அது செத்துப்போவணும். அதுக்குத்தான் வெச்சிருக்குது. நீ அதைச் சாவ வுடாம பண்ணிட்ட."

எனக்கு வந்ததே கோபம். புள்ளத்தாச்சி வெந்துகொண்டிருக்கிறாள், இந்த மனுஷன் பியூஸுக்குக் கருமாதி பேசுகிறார். அவரை அனுப்பிவிட்டு வேறொரு ஆளைக் கூப்பிட்டேன். மறுபேச்சு இல்லாமல் ஏசியை மாட்டிவிட்டுப் போனான். பெண் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் வாசலில் வேணாமுடைய மொபெட் வந்து நின்றது. யாரும் கூப்பிடவில்லை. உள்ளே வந்தார், காலண்டரைத் தூக்கினார், மோந்தார், புறங்கை வைத்தார், போய்விட்டார். மத்தியானம் ஒருமுறை. சாயந்திரம் ஒருமுறை. அடுத்த நாளும் அப்படியே. என் மனைவி அவருக்கும் சேர்த்தே காபி போட ஆரம்பித்தாள். "டாக்டர் என்னை மாசத்துக்கு ஒருவாட்டிதான் பாக்கறாரு. இவர் போர்டை ஒரு நாளைக்கு மூணு வாட்டி பாக்கறாரு" என்றாள் பெண்.

நாலாம் நாள் உச்சி வெயில். ஏசி ஓடுகிறது. மனைவி கிரைண்டரைப் போட்டாள், நான் மோட்டாரைப் போட்டேன். வேணாம் வந்து காலண்டரைத் தூக்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் தோசை கருகின மாதிரி இருந்தது. முன்பக்கத்தில் மயிலுக்குத் தோகையில் பாதி பழுப்பாகிவிட்டிருந்தது. மெயினை அணைத்தார், பியூஸ்களையெல்லாம் உருவிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார், மொபெட்டில் ஏறிப் போயேவிட்டார்.

நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் கத்திக்கொண்டே ஓடினேன். திரும்பி வந்தால் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"கரண்ட்டு எங்கப்பா?"

"வேணாம் பாக்கெட்ல போய்க்கினு இருக்குது."

டீச்சரம்மா வந்து அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு மணி நேரம் கழித்து வேணாம் புதுப் போர்டும் ஒயர்ச் சுருளுமாகத் திரும்பினார். பழைய போர்டைக் கழற்றினார். பின்னாலிருந்த மரப்பலகை கரியாகியிருந்தது. ஒயரைத் தொட்டால் அதன் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் பெண்ணின் கட்டில், தலைமாடு.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். 'நான் சொன்னேன் இல்ல' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "டார்ச்சு புடி நைனா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் ரூமுக்கொன்றாக, லோடு ஏறினால் தானாக விழும் சுவிட்சுகள் வந்துவிட்டன. ஷாக் அடித்தால் ஆளைக் காப்பாற்ற விழுவது தனியாக ஒன்று. தோட்டத்தில் குழி தோண்டி எர்த்தும் போட்டார்.

"இப்ப ஏசி போடலாமா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஆங்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் என்னை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, நான் செம்பு கட்டிய நாலு வீட்டுக்கும் கூட்டிப்போனார். என் கையாலேயே கழற்றவைத்தார்.

பேரன் பிறந்தான். பேர் வைக்கிற அன்றைக்கு வேணாம் வந்து, வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றப் போனார். "செருப்போடவே வாங்கண்ணா" என்றாள் என் மனைவி. கேட்கவில்லை, கழற்றிவிட்டுத்தான் வந்தார். வந்தவர் குழந்தையிடம் போகாமல் நேராகப் போர்டுக்குப் போய்ப் புறங்கை வைத்தார். பிறகு அதே புறங்கையைத் தொட்டிலுக்குள் விட்டு, பேரன் கன்னத்தில் வைத்தார்.

"சூடு இல்ல. நல்லா கீறான்" என்றார்.

போர்டுக்கு மேலே அந்தப் பழைய ஆணி இன்னும் இருக்கிறது. வருஷா வருஷம் காலண்டர்கள் வருகின்றன, அதில் எதையும் மாட்டுவதில்லை. அவர் வந்தால் புறங்கை வைக்க இடம் வேண்டுமே.