வீட்டோ அண்ணையின் ஆட்சி

அமெரிக்க அரசியலமைப்பை அமெரிக்கர்களைவிட உண்மையாகக் கடைப்பிடித்த மனிதர் ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்காவில் இருக்கவில்லை. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு மாடிக் கட்டடத்தில் மனைவியோடும் மகளோடும் இருந்தார். எங்கள் வகுப்பில் அவருக்கு வீட்டோ அண்ணை என்று பெயர். சொந்தப் பெயர் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

கனடாவில் குந்திக்கொண்டு அமெரிக்க அரசியல் எதற்கு என்று கேட்பீர்கள். வேலை போய்க் கொலிஜுக்குத் திரும்பிய எங்களைப் போன்ற வயதுபோன மாணவர்களும் டிப்ளோமாவுக்கு எங்கள் துறைக்கு வெளியே பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும். நல்ல பாடங்களையெல்லாம் பெடியள் பிடித்துவிட்டார்கள். சனிக்கிழமை காலையில் 'அமெரிக்க அரசும் அரசியலும்: ஓர் அறிமுகம்' மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது.

காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டத்தை ஜனாதிபதி வேண்டாமென்று திருப்பி அனுப்பலாம், அதுதான் வீட்டோ என்று ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கதிரையிலிருந்த அண்ணை என் முழங்கையைத் தட்டினார்.

"தங்கச்சி, உந்த வீட்டோ எண்டுறது தமிழ்ச் சொல் இல்லையோ?"

"இல்லை அண்ணை. லத்தீன்."

"அட கோதாரி. தமிழ்ப் பேப்பரில வல்லரசுகளின்ர வீட்டோ அதிகாரம் எண்டு போடேக்க, நான் இவ்வளவு காலமும் அச்சுப்பிழை எண்டெல்லோ நினைச்சன். வீட்டு அதிகாரத்தை மாறி அடிச்சுப்போட்டாங்கள் எண்டு."

நான் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி, என்ன விஷயம் என்றார். அண்ணை எழும்பி நின்று தன்னுடைய ஆங்கிலத்தில் முழுவதையும் விளக்கினார். தன் வீட்டில் அந்த அதிகாரம் மனைவியின் கையில் இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைவிட நல்ல உதாரணம் தனக்குக் கிடைத்ததேயில்லை என்றார். வந்தது வினை.

அண்ணை பாடத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அன்றைக்கே தன்னை ஜனாதிபதியாக அறிவித்து, மனைவி றீற்றா அக்கா வாங்கவிருந்த புதுச் சோபாவுக்கு வீட்டோ போட்டார். அடுத்த சனிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார்.

"என்ன அண்ணை, ஆட்சி கவிழ்ந்திட்டுதோ?"

"மூண்டில ரெண்டு பங்கு வாக்கு இருந்தா வீட்டோவை உடைக்கலாமாமெல்லே. வீட்டில நாங்கள் மூண்டு பேர். தாயும் மேளும் சேர்ந்து கையைத் தூக்கிப்போட்டினம். அரசியலமைப்பை முழுக்க வாசிக்காமல் பதவிக்கு வந்திட்டன், தங்கச்சி."

"அந்த வாக்கெடுப்பில ஜனாதிபதி சேர்த்தியில்லையே அண்ணை?"

"அதுக்கு நாங்கள் திருத்தம் கொண்டுவந்திட்டம்."

ஃபிலிபஸ்டர் படித்த வாரம் இன்னும் மோசம். பேசிப் பேசியே வாக்கெடுப்பு நடக்கவிடாமல் பண்ணுகிற வித்தை அது. அண்ணை தன் பழைய மாணவர் சங்கக் கூட்டத்துக்குப் போய், ஆண்டு விருந்தில் கொத்துரொட்டியை நிறுத்தும் தீர்மானத்துக்கு எதிராக ஒலிவாங்கியைப் பிடித்தார். மண்டபக்காரன் லைற்றை அணைக்கும்வரை விடவில்லை. கொத்துரொட்டி பிழைத்தது. சங்கம் இரண்டாக உடைந்தது என்கிறார்கள், ஆனால் அது எப்படியும் உடைந்திருக்கும்.

இப்படிக் கூத்தாகப் போய்க்கொண்டிருந்த பாடத்தின் நடுவில்தான் மகள் ஷரோனுக்கு நாட்டின் மற்றக் கரையிலிருக்கும் வன்கூவரில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. சின்ன வயதிலிருந்து கடலைப் படிக்க ஆசைப்பட்ட பிள்ளை. றீற்றா அக்கா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

"கண்டறியாத வன்கூவர். ரொறன்ரோவில இல்லாத படிப்போ? நான் வீட்டோ."

அண்ணை மனைவியின் பக்கம் நின்றால் அந்தப் பிள்ளையின் கடல் அதோடு சரி. மகளின் பக்கம் நின்றால் போய்விடுவாள். மகள் பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். அந்தச் சனிக்கிழமை அண்ணை இடைவேளையில் கோப்பியை ஆறவிட்டுக்கொண்டு சொன்னார்.

"றீற்றா சொல்லுறதுதான் எனக்கும் விருப்பம், தங்கச்சி. மேளை விட்டிட்டு என்னால இருக்கேலாது."

"அப்ப அக்காவோட நிப்பியளோ?"

"பிள்ளை என்ர கையைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாள்."

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, குசினி மேசையில் வாக்கெடுப்பு நடந்திருக்கிறது. அண்ணை கையைத் தூக்கினார். மூன்றில் இரண்டு. றீற்றா அக்கா எழும்பிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாராம். கழுவ அங்கே பாத்திரம் ஒன்றும் இருக்கவில்லையாம்.

பாடத்தில் நாங்கள் இருவரும் ஒருமாதிரிப் பாஸ். எனக்கு வேலையும் கிடைத்து நான் பிக்கரிங் பக்கம் வந்துவிட்டேன். போன மாதம் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில் அண்ணையைக் கண்டேன். வன்கூவருக்கு அனுப்ப, நாளானாலும் கெடாத பருத்தித்துறை வடை வாங்கிக்கொண்டிருந்தார்.

"எப்பிடி அண்ணை ஆட்சி?"

"இப்ப நாங்கள் ரெண்டு பேர்தானே. ஒராள் வீட்டோ போட்டா மற்ற ஆளால உடைக்கேலாது. நல்ல பலமான ஆட்சி."

"பிறகென்ன, விட்டு விளாசவேண்டியதுதானே?"

வடைப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"போடுறேல்லை, தங்கச்சி. றீற்றா என்ன கேட்டாலும் ஓம் எண்டுறன். அவளும் அப்பிடித்தான். ஒருத்தரை ஒருத்தர் மறிக்க இப்ப மனம் வருகுதில்லை."

செனட்டில் எத்தனை பேர் என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் முழிப்பேன். ஆனால் பேப்பரில் 'வீட்டோ' என்று கண்டால் அந்த மனிதரின் தூக்கிய கைதான் எனக்குத் தெரிகிறது. அண்ணை சொன்னதுதான் சரி, அது 'வீட்டு' என்பதன் அச்சுப்பிழைதான்.