காரின் முதுகில் அலமாரித் தட்டு

அலமாரியின் நடுத்தட்டைக் காணோம். மடித்து வைத்த துணியெல்லாம் அடித்தட்டில் குவிந்து கிடந்தது. கணக்கரின் மனைவி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். தட்டு காரின் முதுகில் ஏறியிருந்தது.

"ஸ்பாய்லர்," என்றார் கணக்கர், கையில் ஸ்பேனரோடு. "காத்தை ஒழுங்கா வழியனுப்பி வைக்கும்."

எல்லாம் மைத்துனர் மூட்டிய வினை. இது காரா, பிஸ்கட் டப்பாவா என்று அவர் கேட்டுவிட்டுப் போனதிலிருந்து கணக்கருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறார். அதற்குள் சரிவராவிட்டால் அந்தக் கேலியை ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதுதான்.

தட்டின் மேல் நூல் துண்டுகளை ஒட்டினார். கார் ஓடும்போது நூல் நேராகப் பறந்தால் வெற்றி. துடித்து ஆடினால் தோல்வி. பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து அதைக் கவனிப்பது மனைவியின் வேலை.

மாலையில் நெடுஞ்சாலைக்குப் போனார்கள்.

"என்ன சொல்லுது?"

"ஆடுதுங்க."

மறுநாள் தட்டைச் சரித்து வைத்தார். டிக்கி திறக்க மறுத்தது. காய்கறிப் பை மனைவியின் மடியில் பயணம் செய்தது. அப்போதும் ஆடியது. இரண்டு பக்கமும் தகரம் அடித்தார். கார் விசில் ஊதிக்கொண்டு போக, தெரு நாய்கள் ஊர்வலமாகப் பின்தொடர்ந்தன. தகரத்துக்கு முட்டுக் கொடுத்ததில் நம்பர் பிளேட் மறைந்தது. வழியில் நிறுத்திய போலீஸ்காரர், இதில் துணி காயப்போடுவீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

ஆபீஸ் விட்டு வந்தால் வாயே திறக்காத மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காற்றைப் பற்றியும், பள்ளிக்கூடத்தில் விட்ட காகித ராக்கெட்டைப் பற்றியும் ஓயாமல் பேசினார். திரும்பும் வழியில் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் என்பதும் வழக்கமாகிவிட்டது.

சனிக்கிழமை மாமியார் வந்து இறங்கினார். கடைசி ஓட்டத்தில் அவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

"இன்னிக்கு நேரா பறந்துட்டா வேலை முடிஞ்சுது," என்றார் கணக்கர். "நாளையிலேர்ந்து பழையபடி வீட்டிலேயே காலை நீட்டலாம்."

கார் வேகமெடுத்தது.

"என்ன சொல்லுது?"

மனைவி நூலை விட்டுவிட்டுக் கணவரின் பின்னந்தலையைப் பார்த்தாள்.

"ஆடுதுங்க."

கணக்கரின் தோள் தொங்கிப்போனது. மைத்துனரின் சிரிப்பு இப்போதே காதில் விழுந்தது.

மாமியார் பின்கண்ணாடி வழியே நூலைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"எது ஆடுது? கம்பி மாதிரி நேராத்தானே நிக்குது. ஏம்மா, வாரம் பூரா இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் மாப்பிள்ளையோட ஊர் சுத்தினியா?"